யார் தலையில் தீர்வை?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2ஆந் திகதி, வாஷிங்டன் நகரில், வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதில் நாடுகளின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள். இலங்கைக்கு எதிரே 88, 44. முதலாவது, இலங்கை அமெரிக்கப் பொருள்கள்மீது விதிக்கும் தீர்வை என்றும், இரண்டாவது, அதற்குப் பதிலாக அமெரிக்கா இலங்கைப் பொருள்கள்மீது விதிக்கப்போகும் தீர்வை என்றும் சொல்லப்பட்டது. இரண்டொரு நாளுக்குள் பசறைக் கடைத்தெருவில் தேநீர் அருந்துவோர் வாயிலும் அவ்விரு எண்களும் வழங்கலாயின. செய்தி அத்துணை விரைவாகப் பரவிற்று. ஆனால் அந்த 88 தீர்வையே அன்று என்னும் செய்தி அவ்வளவு விரைவாகப் பரவவில்லை. பலரிடம் அது இன்னும் வந்து சேரவில்லை.

அவ்வெண்ணைக் கணித்த வழியை அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதியின் அலுவலகமே வெளியிட்டது. பத்தாந் தரத்து மாணவன் கரும்பலகையிற் செய்துவிடக்கூடிய கணக்கு அது. 2024ஆம் ஆண்டில் அமெரிக்கா நம்மிடம் வாங்கிய பொருள்களின் பெறுமதி ஏறக்குறைய 300 கோடி டொலர். நாம் அமெரிக்காவிடம் வாங்கியவை ஏறக்குறைய 37 கோடி டொலர். வேறுபாடு 263 கோடி. இதனை 300ஆற் பிரித்தால் நூற்றுக்கு 88 வரும். அதிற் பாதி 44. அவ்வளவுதான். வெளியிட்ட சூத்திரத்தில் கிரேக்க எழுத்துக்கள் இரண்டும் இருந்தன. ஒன்றின் மதிப்பு 4. மற்றதன் மதிப்பு நான்கிலொன்று. இரண்டையும் பெருக்கினால் ஒன்றுதானே! எழுத்துக்கள் அழகுக்காக நின்றன போலும்.

இலங்கை தீர்வையே விதிக்காத புண்ணிய பூமி என்று சொல்ல வரவில்லை. சுங்கத் தீர்வை, செஸ் வரி, துறைமுக விமான நிலைய வரி என நம் துறைமுகத்திலும் படிகள் பல உண்டு. ஆயினும் 88 என்பது அவற்றைக் கூட்டி வந்த தொகையன்று. நாம் மிகுதியாக விற்றோம், குறைவாக வாங்கினோம் என்பதன் அளவே அது. அதனைத் தீர்வை என்று பெயரிட்டு அட்டையில் அச்சிட்டதும், உலகத்துப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அட்டையைப் படம் பிடித்துக் காட்டியதும் ஒரே மாலையில் நடந்துவிட்டன. திருத்தம் சொன்ன அறிஞர்களின் கட்டுரைகள் பின்னர் வந்தன. படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கட்டுரையைப் படித்தார்கள்?

தீர்வை என்பது யாது? அயல்நாட்டுப் பொருள் துறைமுகத்தில் இறங்கும்போது அதன்மேல் அரசாங்கம் வாங்கும் வரி. அதனைக் கட்டுகிறவர் பொருளை அனுப்பிய நாட்டாரல்லர். இறக்குமதி செய்யும் உள்ளூர் வியாபாரியே. 'இலங்கைமீது 44 சதவீதம்' என்று தலைப்பிடும்போது இலங்கை அரசாங்கம் கொழும்பிலிருந்து பணத்தை எண்ணி அனுப்புவது போன்ற ஒரு தோற்றம் உண்டாகிறது. உண்மையில் நியூயோர்க்கு வியாபாரி தன் சுங்கத்திற் கட்டுகிறான். கட்டிய பின் அவன் செய்யக்கூடியவை சில உண்டு: சட்டையின் விலையை ஏற்றி வாங்குவோரிடம் அறவிடலாம், தன் இலாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம், 'விலையைக் குறைத்துத் தா, இன்றேல் வேறு நாட்டுக்குப் போகிறேன்' என்று கட்டுநாயக்கத் தொழிற்சாலைக்கு எழுதலாம். சுமை கைமாறிக் கைமாறி, எவன் தட்டிக்கழிக்க வலுவற்றவனோ அவன் தலையிற் போய் இறங்கும். யார் தலையில் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நாடுகளின் பெயரைச் சொல்லும் தலைப்புக்கள் அதனை மறைத்துவிடுகின்றன.

நம்மை இங்கே கொணர்ந்த தீர்வை

'உலகமயமாதல்' என்னும் சொல் புதியது. பொருள் நமக்குப் புதியதன்று. ஊவாத் தோட்டங்களில் வாழும் தமிழர் இம்மலைகளில் இருப்பதற்கே ஒரு தீர்வை மாற்றம் காரணமாயிருந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1835ஆம் ஆண்டுவரை இங்கிலாந்தில் மேற்கிந்தியத் தீவுகளின் காப்பிக்குக் குறைந்த தீர்வையும், இலங்கைக் காப்பிக்குக் கூடிய தீர்வையும் இருந்தன. அவ்வாண்டிலே இரண்டும் சமமாக்கப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டு அங்கே விளைச்சல் குன்றிக்கொண்டிருந்த காலம் அது. உடனே கண்டி மலைகளிலே காடு வெட்டலாயினர். காடு வெட்டக் கையாட்கள் வேண்டும். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் கடல் கடந்து, மாத்தளை வழியே நடந்து வந்தார்கள். வழியில் மடிந்தவர் பலர். இலண்டன் நகரத்துச் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி மாறிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடுகள் பூட்டப்பட்டன.

1840களில் அயல்நாட்டுக் காப்பிக்கும் இங்கிலாந்து தீர்வையைக் குறைத்தது. அங்கு வியாபார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1847ஆம் ஆண்டளவில் விலை விழுந்து தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. கூலி கிடையாமல் நின்றவர்களுக்கு இக்காரணத்தை எவரும் சொல்லியிருக்கமாட்டார். பின்னர்க் காப்பி மீண்டும் எழுந்தது, ஊவாவுக்கும் பரவிற்று. அதனைக் கொன்ற நோய் முதன்முதல் நம் பக்கத்திலேதான் தென்பட்டது. பசறையிலிருந்து பார்க்கக்கூடிய தொலைவிலுள்ள மடுல்சீமையில், 1869ஆம் ஆண்டு, காப்பியிலைகளின் அடியில் செம்மஞ்சட் பொடி படர்ந்திருக்கக் கண்டார்கள். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். இருபதாண்டு செல்லுமுன் இலங்கைக் காப்பி ஓய்ந்தது. உலகச் சந்தையைப் பிரேசில் நிரப்பிற்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, காப்பி இருந்த இடமெங்கும் ஏறிற்று.

தேயிலை வந்தபோது விளம்பரமும் வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தம்பத்தென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்பதுபோலப் பத்திரிகைகளிலும் சுவர்களிலும் விளம்பரஞ் செய்தார். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் அவ்விளம்பரங்களில் உலகமெங்கும் சென்றது. அவள் பெயரோ கூலியோ செல்லவில்லை. இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கர்களைச் சீன, ஜப்பானியத் தேயிலையிலிருந்து இலங்கைத் தேயிலைக்குத் திருப்பும் பொருட்டு, ஏற்றுமதியாகும் தேயிலைமேல் 1890களிலே ஒரு சிறு வரி விதித்து, அப்பணத்தை அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களுக்குச் செலவிட்டார்கள். இதனை நடத்திய துரைமார் சபைக்கு 'முப்பதின்மர் குழு' என்று பெயர். இந்தத் திருப்பணி நடந்துகொண்டிருக்கையில், 1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு யுத்தத்தில் இறங்கி, யுத்தச் செலவுக்காகத் தேயிலை இறாத்தலுக்குப் 10 சதம் தீர்வை போட்டது. 1903 ஜனவரியில்தான் அது நீங்கிற்று. அமெரிக்கத் தீர்வை நமக்குப் பழைய உறவினர்.

பத்திரிகைப் பிரபுக்களும் இரண்டு பென்ஸும்

தீர்வையும் பத்திரிகையும் தேர்தலும் ஒன்றோடொன்று பின்னிய கதை ஒன்று இங்கிலாந்திலே உண்டு. அதன் நூல் ஒன்று ஊவா மலைவரை வருகிறது.

1929 ஏப்ரலில் நிதியமைச்சராயிருந்த வின்ஸ்டன் சேர்ச்சில் தேயிலைமீதிருந்த தீர்வையை அடியோடு நீக்கினார். மே மாதம் பொதுத் தேர்தல் வர இருந்தது. தேநீர் குடிக்காத வாக்காளர் அந்நாட்டில் ஏது? எனினும் அவருடைய கட்சி தோற்றது. உடனே டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் அதிபர் பீவர்புரூக் பிரபு ஓர் இயக்கந் தொடங்கினார். சாம்ராச்சியத்தைச் சுற்றித் தீர்வை மதில் எழுப்ப வேண்டும், உள்ளே இருப்பவர்கள் தடையின்றி வியாபாரஞ் செய்ய வேண்டும், வெளியார் பொருளுக்கு வரி போட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. டெய்லி மெயில் அதிபர் ரொதர்மியர் பிரபுவும் சேர்ந்துகொண்டார். நாள்தோறும் இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும் இரண்டு பத்திரிகைகள், ஒரு தீர்வைக் கொள்கைக்காக இடைத்தேர்தல்களில் வேட்பாளரை நிறுத்தின. தம் கட்சித் தலைவரையே மாற்ற முயன்றன. 1931 மார்ச்சில் அத்தலைவர் ஸ்டான்லி போல்ட்வின், பொறுப்பை ஏற்காமல் அதிகாரத்தை மட்டும் விரும்புகிறார்கள் என்று அப்பத்திரிகைப் பிரபுக்களைப் பகிரங்கமாகச் சாடினார். அந்த இடைத்தேர்தலில் பத்திரிகைகளின் ஆள் தோற்றார்.

ஆள் தோற்றாலும் கொள்கை தோற்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் அதற்குத் துணை செய்தது. 1932ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தேயிலைத் தீர்வை திரும்பி வந்தது. சாம்ராச்சியத் தேயிலைக்கு இறாத்தலுக்கு 2 பென்ஸ், பிறநாட்டுத் தேயிலைக்கு 4 பென்ஸ். ஜாவா, சுமாத்திராத் தேயிலையைவிட நம் தேயிலைக்கு இரண்டு பென்ஸ் சலுகை! கொழும்பு வர்த்தகர் மகிழ்ந்திருப்பர். ஆனால் அந்த இரண்டு பென்ஸில் பிரட்டுக் களத்துக்கு எவ்வளவு வந்தது? 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலைநாட்டில் ஆண்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட 54 சதக் குறைந்தபட்சக் கூலி, 1930களின் தொடக்கத்தில் வெட்டிக் குறைக்கப்பட்டது. விலை வீழ்ந்ததே காரணம் எனப்பட்டது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு இந்தியா ஆகிய மூன்றிடத்துத் தோட்டச் சொந்தக்காரரும் கூடி, முதலாண்டில் ஏற்றுமதியை முந்திய உச்ச அளவின் 85 சதவீதத்துக்கு மட்டுப்படுத்த ஒப்பந்தஞ் செய்தனர். விலை தேறிற்று. முதலாளிமார் ஒன்றுகூடினால் அது ஒப்பந்தம். தொழிலாளர் ஒன்றுகூடினால் அதற்கு அக்காலத்தில் வேறு பெயர் இருந்தது.

தொழிலாளர் பக்கத்துப் பத்திரிகையை நினைவுகூராமல் மேலே செல்வது தகாது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் தேசநேசன், தேசபக்தன் முதலிய பத்திரிகைகளை நடத்தினார். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைந்தால் அத்துமீறற் குற்றம் என்றிருந்த காலம்; துணி வியாபாரி வேடத்தில் அவர் லயங்களுக்குப் போய் நிலைமையை அறிந்தார் என்பர். 1931இல் அகில இலங்கைத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரிகையை எப்படி அறிவார்கள்? அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பாட்டாகப் பாடிச் சொன்னார். கூலிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, கணக்கில் எங்கே வெட்டுகிறார்கள் என்று சொல்லிக்கொடுத்த ஊடகம் அது. பீவர்புரூக் பிரபுவின் அச்சியந்திரத்தோடு ஒப்பிட்டால் இஃது அகல்விளக்கு. எனினும் எனக்கு இதுவே பெரிய பத்திரிகையாகத் தோன்றுகிறது. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தோன்றின. தமிழ் வாசகருக்கு நாடளாவிய நாளேடுகள் கிடைக்கத் தொடங்கியதும் இந்தக் காலந்தான்.

கிழங்கும் மாவும்

அண்மையிற் பதுளையில் மாணவர் விவாதம் ஒன்றில் நடுவராக அமர்ந்திருந்தேன். பொருள்: 'சுங்கத் தீர்வை நாட்டைக் காக்கும்.' இருபுறத்தாரும் நன்றாகவே பேசினர். ஆனால் பேச்சின் பெரும்பகுதியை முன்னரே எங்கோ கேட்டதுபோல் இருந்தது. அமெரிக்கா, சீனா, உலக வங்கி என்று கைபேசியில் இரண்டு நிமிடத்திற் கேட்டவற்றை அப்படியே ஒப்புவித்தார்கள். கடைசியில் வெலிமடைப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுதி வைத்த தாளை மடித்துப் பையிற் போட்டுவிட்டு, "சேர், எங்கட அப்பா கிழங்கு போடுறவர். வெளிநாட்டுக் கிழங்கு மலிவா வந்தா அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு வாங்கக் காசில்லை" என்றான். எதிரணியில் இருந்த பசறைத் தோட்டத்துப் பிள்ளை எழுந்து, "எங்க வீட்டில கிழங்கு வாங்குறதே சம்பள நாளிலதான். வரி போட்டா அதுவும் இல்ல" என்றாள். சபை அமைதியாயிற்று. விவாதம் அப்போதுதான் தொடங்கிற்று என்று சொல்லவேண்டும்.

இருவர் சொன்னதும் உண்மை. ஒரே மாவட்டத்துக்குள், ஐம்பது கட்டைத் தூரத்துக்குள், ஒரே வரி ஒருவனுக்குச் சோறு போடுகிறது. மற்றவள் தட்டிலிருந்து எடுக்கிறது. 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட வரிச் சட்டத்தின் கீழ் உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், பருப்பு முதலியவற்றின்மேல் வரியை அமைச்சர் வர்த்தமானி அறிவித்தலால் ஏற்றவும் இறக்கவும் முடியும். உள்ளூர் அறுவடை வரும்போது ஏற்றுவார்கள். பண்டிகை வரும்போது இறக்குவார்கள். அமெரிக்க அட்டையைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். நம் அடுப்பை நேரே தொடுகின்ற இந்த வர்த்தமானியைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

இக்கேள்வியின் கொடிய முகத்தை நம் பெற்றோர் கண்டார்கள். 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிக் கட்டுப்படுத்திற்று. யாழ்ப்பாணத்து, வன்னித் தமிழ் விவசாயிக்கு அது பொற்காலம், செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின, கல்வீடுகள் எழுந்தன. அதே ஆண்டுகளில், 1973, 74ஆம் ஆண்டுகளில், மலைநாட்டுத் தமிழன் பட்டினியால் வாடினான். பங்கீட்டு மாவும் அரிசியும் சுருங்கின. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடை இருந்தது. சொந்த நிலமில்லாத லயத்து மக்கள் எதைப் பயிரிட்டு உண்பது? தோட்டங்களில் இறப்புக் கூடிற்று. வவுனியாப் பக்கம் பிழைக்கப் போனவர் பலர். 1977இல் கதவு திறக்கப்பட்டபோது மிளகாய் விவசாயி வீழ்ந்தான். ஒரே மொழி பேசுவோரில் ஒரு சாராருக்கு வரமாகவும் மறு சாராருக்குச் சாபமாகவும் ஒரு கொள்கை இருந்ததென்றால், 'தீர்வை நல்லதா, கெட்டதா?' என்று மொட்டையாகத் தலைப்பிட்டு விவாதம் நடத்துவதிற் பயனில்லை.

ஒரு வண்டு செய்த வேலை

தீர்வை மட்டுமே வியாபாரத்தை மறிப்பதில்லை. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா என்னும் வண்டு இருந்ததாகக் கூறி, ரஷ்யா நம் தேயிலையை 18ஆந் திகதி முதல் நிறுத்திற்று. ரஷ்யா நம் பெரிய வாடிக்கையாளர். கொழும்பு அதிர்ந்தது. இதற்குச் சற்று முன்னர், கூரைத் தகடு செய்ய உதவும் அஸ்பெஸ்டோஸ் என்னும் கல்நாரின் இறக்குமதியை 2018 முதற் கட்டுப்படுத்த நம் அரசாங்கம் முடிவு செய்திருந்தது. கல்நார்த் தூசி புற்றுநோய் விளைப்பது. அதனைப் பெருமளவில் உலகுக்கு விற்பது ரஷ்யா. வண்டுக்கும் கல்நாருக்கும் தொடர்பு உண்டென்று ரஷ்யா சொல்லவில்லை. ஆனால் கல்நார்க் கட்டுப்பாட்டை அமைச்சரவை தளர்த்தியது. தேயிலைத் தடையும் ஆண்டு முடிவதற்குள் நீங்கிற்று. பத்திரிகைகள் இரண்டையும் அருகருகே வைத்து எழுதின. அவை அவ்வாறு எழுதியதால்தான் நாமும் அறிந்தோம். கொழுந்து பறிக்கிறவளின் வேலை காப்பாற்றப்பட்டது. நாடெங்கும் ஏழைகள் வீட்டுக் கூரையில் அத்தகடு இன்னும் இருக்கிறது.

ஈரான் கதை வேறு விதம். 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 25 கோடி டொலர் கடன் நின்றது. அமெரிக்கத் தடைகளால் டொலரிற் செலுத்த இயலவில்லை. 2021 டிசம்பரில், மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடன் தீர்ப்பதென உடன்படிக்கையாயிற்று. நம் பாட்டிமார் அரிசி கொடுத்து உப்பு வாங்கிய முறைதான்! அந்நாட்டு ஜனாதிபதி ரய்சி 2024 ஏப்ரலில் வந்து, நம் ஊவாவிலேயே ஈரானியப் பொறியியலாளர் கட்டிய உமா ஓயாத் திட்டத்தைத் திறந்துவைத்தார். அதன் சுரங்கத்தால் பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் விழாச் செய்திகளில் அதிகம் இடம்பெறவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நம்மவரை வருத்தியது தீர்வை என்ற பெயரே இல்லாத ஒன்று. 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. தேயிலை டொலருக்கு விற்பது. கொழும்பு ஏலத்தில் 2021இல் கிலோ சராசரி 620 ரூபா அளவில் இருந்த விலை, 2022இல் 1,200 ரூபாவைக் கடந்தது. கோதுமை மாவின் விலையோ மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. 2021இல் வர்த்தமானியில் நிர்ணயித்த நாட்கூலி 1,000 ரூபா மட்டும் அசையவில்லை. 2024 செப்டெம்பரில்தான் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாயிற்று. உரத்தடையால் விளைச்சல் குன்றியது, எரிபொருட் செலவு ஏறியது என்று கம்பனிகள் சொன்னதிலும் உண்மையுண்டு. ஆனால் ஒருவர் விற்பது டொலருக்கு, மற்றவர் உண்பது டொலர் விலையில், உழைப்பது மட்டும் பழைய ரூபாவில் என்றால், அங்கே ஒரு வரி வாங்கப்பட்டிருக்கிறது. அதற்கு வர்த்தமானி இல்லை, அட்டையும் இல்லை. அதனால் அதனைத் தலைப்புச் செய்தியாக எவரும் தூக்கிக் காட்டவில்லை.

மீண்டும் அந்த 44க்கு வருவோம். ஒரு வாரத்துக்குள் அது தொண்ணூறு நாள் ஒத்திவைக்கப்பட்டு, எல்லாருக்கும் போல 10 ஆயிற்று. ஜூலையில் 30 என்று கடிதம் வந்தது. ஆகஸ்டில் 20 என்று நிலைத்தது. இதழ் உங்கள் கையில் இருக்கும்போது எண் வேறாயிருந்தாலும் வியப்பில்லை. ஒவ்வொரு முறை குறையும்போதும் நம் நாட்டு அரசியல் மேடைகளில் ஆளுங்கட்சி வெற்றி என்றது. எதிர்க்கட்சி போதாது என்றது. 44 என்று தொடங்கியதால் 20 என்பது இனிப்பாயிற்று. ஏப்ரல் முதலாந் திகதி அந்த மேலதிகத் தீர்வை இருக்கவேயில்லை என்பதை நினைத்தவர் சிலரே. விலையை ஏற்றிச் சொல்லிப் பின் குறைக்கும் சந்தைக்காரனின் பழைய வித்தை இது; பதுளை ஞாயிற்றுச் சந்தையில் நம் தாய்மார் இதற்கு மயங்கமாட்டார்கள். செய்தித் தலைப்பில் வந்தால் நாமெல்லாரும் மயங்குகிறோம்.

நம் தேயிலையில் அமெரிக்கா வாங்குவது சிறு பங்கு. 2024இல் ஏறக்குறைய 24½ கோடி கிலோ தேயிலை ஏற்றுமதியாயிற்று. ஈராக்கும் ரஷ்யாவும் முன்னணியில் நின்று வாங்கின. அமெரிக்காவுக்குப் பெரிதும் போவது தைத்த உடை. ஆடை ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் போகிறது. அத்தொழிலில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்கின்றனர்; பெரும்பாலோர் பெண்கள். அவர்களில், லயத்தை விட்டுக் கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் போன நம் பிள்ளைகளும் உண்டு. தாய் மலையிற் கொழுந்து பறிக்க, மகள் வலயத்தில் சட்டை தைக்க, ஒரே குடும்பம் இரண்டு உலகச் சந்தைகளில் கால் வைத்து நிற்கிறது.

2025 நவம்பர் 14ஆந் திகதி, தம் நாட்டில் மளிகைச் சாமான் விலை ஏறிவிட்டதென்று மக்கள் முணுமுணுத்ததனால், காப்பி, தேயிலை, வாழைப்பழம் முதலிய உணவுப் பொருள்களை அந்த மேலதிகத் தீர்வையிலிருந்து அமெரிக்க அரசாங்கம் நீக்கிற்று. தேயிலைக்கு விலக்கு என்னும் செய்தியை வானொலியிற் கேட்டு, பசறைத் தோட்டத்துத் தாய் ஒருத்தி வழியில் என்னை மறித்துக் கேட்டாள். அவள் மகள் கட்டுநாயக்கவில் இருக்கிறாள்.

"வரியை எடுத்துட்டாங்களாமே மாஸ்டர், மெய்யா?"

"தேயிலைக்கு எடுத்திருக்கிறார்கள், அம்மா."

"தைக்கிற சட்டைக்கு?"

அந்தப் பட்டியல் உணவுப் பொருள்களின் பட்டியல். சட்டை அதில் இல்லை. அதைச் சொன்னேன். மகளுக்குப் போன மாதம் ஓவர்டைம் குறைந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பிய காசும் குறைந்துவிட்டது, காரணம் என்னவென்று மகளுக்கும் தெரியவில்லை, கேட்டால் ஓடர் இல்லை என்கிறார்கள் என்றாள்.